வயலின் கேள்வியும் ஒரு பல்கலைக்கழகமும்

கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஒரு இயற்பியல் வகுப்பு. பேராசிரியர் கையில் வயலினோடு வந்திருக்கிறார். தந்தி மெல்லியது, அதனால் அதிகக் காற்றை அசைக்க முடியாது, ஆகவே நாம் கேட்கும் ஓசை தந்தியிலிருந்து நேரடியாக வருவதில்லை என்று விளக்குகிறார். வயலினுக்குள்ளே நிற்கும் சிறு குச்சியைக் காட்டுகிறார். தந்தியின் அதிர்வு அந்தக் குச்சி வழியாகப் பின்பலகைக்குப் போகிறது, பலகை அதிர்ந்துதான் ஓசை எழுகிறது. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, சுட்டிக்காட்டி, தெளிவாகச் சொன்ன விளக்கம்.

கால் மணி நேரம் கழித்து அதே வகுப்பில் ஒரு கேள்வி போட்டார். வயலின் ஓசை பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? தந்தியிலிருந்தா, பின்பலகையிலிருந்தா, இரண்டிலிருந்தும் சமமாகவா, எதிலிருந்தும் இல்லையா? சரியான பதில் சொன்னவர்கள் 10 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒன்றைத் தொட்டிருந்தாலே நாலில் ஒருவருக்குச் சரியாக வந்திருக்கும். (வீணைக்குப் பலாமரத்தில் குடம் குடையும் தஞ்சாவூர் ஆசாரியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரித்திருப்பார் என்பது வேறு விஷயம்.)

அந்தப் பேராசிரியர் கார்ல் வீமன். 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். அணுக்களை, அதற்குக் கீழே போகவே முடியாத தனிப்பூஜ்ய வெப்பநிலைக்கு மிக அருகே வரை குளிர்வித்துப் புதிய பொருள்நிலை ஒன்றை உருவாக்கிக் காட்டியதற்காகக் கிடைத்த பரிசு அது. அந்தப் புகழைக் கையில் வைத்துக்கொண்டு அவர் செய்த அடுத்த வேலை கொஞ்சம் விசித்திரமானது. ஒரு பல்கலைக்கழகம் முழுவதும் பாடம் நடத்தும் முறையை மாற்ற முடியுமா என்று பார்க்கக் கிளம்பினார்.

அவரை அரித்துக்கொண்டிருந்த சந்தேகம் வயலினுக்கும் முந்தையது. அவருடைய ஆய்வகத்துக்கு முனைவர் பட்டத்துக்காக வரும் மாணவர்கள் பதினேழு வருடம் படிப்பில் ஜொலித்துவிட்டு வந்தவர்கள். ஆனால் ஒரு உண்மையான சோதனையைக் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் நிற்பார்கள். அதே மாணவர்கள் ஆய்வகத்தில் இரண்டு, மூன்று வருடம் உருண்டு புரண்டால் தேர்ந்த இயற்பியலாளர்களாக ஆகிவிடுவார்கள். அப்படியென்றால் பதினேழு வருடம் வகுப்பில் நடந்தது என்ன, இரண்டு வருடம் ஆய்வகத்தில் நடந்தது என்ன?

ஏறத்தாழ இதே இடத்துக்கு ஹார்வர்டின் எரிக் மசூர் வேறு வழியில் வந்து சேர்ந்திருந்தார். மாணவர்களிடம் நல்ல பெயர் வாங்கியிருந்த ஆசிரியர் அவர். 1990 வாக்கில், விசையைப் பற்றிய மிக எளிய கருத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தேர்வைத் தன் வகுப்பில் வைத்தார். கணக்கு எதுவும் போட வேண்டாம், சும்மா யோசித்தால் போதும். அப்போது ஒரு மாணவி எழுந்து கேட்டார்: நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதட்டுமா, இல்லை நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதட்டுமா? ஒரு ஆசிரியரின் தூக்கத்தைக் கெடுக்க இந்த ஒரு கேள்வி போதும். நியூட்டன் விதிகள் அந்தப் பெண்ணின் நோட்டில் இருந்தன, தலையில் பழைய நினைப்பு அப்படியே இருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. புதிய விஷயங்களில் நாலைந்துக்கு மேல் ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தி வைக்க மனிதனால் முடியாது. ஐம்பது நிமிட விரிவுரையில் வந்து விழும் புதுச் சொற்களும் சமன்பாடுகளும் அதைப்போலப் பல மடங்கு. நடத்துகிறவருக்கு அந்தச் சுமை தெரியாது. அவருக்கு அதெல்லாம் ஒரே பொட்டலம், இருபது வருடப் பழக்கத்தில் கட்டி வைத்தது. மாணவருக்கு ஒவ்வொன்றும் தனித்தனிச் சில்லறை. பொட்டலம் கட்டும் வேலையை அவரவர் மூளைதான் செய்தாக வேண்டும், கட்டிக் கொடுக்க இன்னொருவரால் ஆகாது.

சரி, இது தெரிந்த பிறகு என்ன தடை? ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் அருமையாக நடத்தும் இரண்டு மூன்று பேர் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் விடுப்பில் போனாலோ, ஓய்வு பெற்றாலோ, பாடம் வேறொருவர் கைக்குப் போகும். அவர் தன் ஆசிரியர் நடத்தியது போலவே நடத்துவார், கதை பழையபடி. அதனால்தான் வீமன் நல்லாசிரியர்களைத் தேடிப் போகவில்லை. கொலராடோவில் 2006-இலும், கனடாவின் வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2007-இலும் அவர் தொடங்கிய திட்டங்கள் துறையைக் குறிவைத்தன. பெரிய அளவில் நடந்தது வான்கூவரில்தான்.

திட்டத்தின் அமைப்பு இப்படி. பணம் தருகிறோம், ஆனால் தனி ஆளுக்கு இல்லை, துறைக்கு. எந்தெந்தப் பாடங்களை மாற்றுவீர்கள், யார் செய்வார்கள், பணம் நின்ற பிறகு எப்படித் தொடரும் என்று துறையே கூடிப் பேசி எழுதிக்கொடுக்க வேண்டும். துறைகளுக்கிடையே போட்டி. ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுதிப் பழகிய பேராசிரியர்களுக்குப் புரிந்த மொழி அதுதான். மில்லியன் டாலர் கணக்கில் செலவு. ஆனால் ஸ்மார்ட் போர்டும் கட்டடமும் வாங்க இல்லை. பெரும்பகுதி ஆட்களின் சம்பளத்துக்குப் போனது.

எந்த ஆட்கள் என்பதில்தான் திட்டத்தின் சூட்சுமம். அந்தந்தத் துறையில் முனைவர் பட்டம் முடித்த இளையவர்களை எடுத்தார்கள். ஃபெல்லோ என்று பெயர். நிலவியல் துறைக்கு நிலவியல் படித்தவர், கணினித் துறைக்கு கணினி படித்தவர். கல்வியியல் துறையிலிருந்து ஒருவரை அனுப்பினால் நிலவியல் பேராசிரியர் காது கொடுத்துக் கேட்கமாட்டார் என்பது வீமனுக்குத் தெரியும். இந்த இளையவர்களுக்குக் கற்றல் பற்றிய ஆய்வுகளில் தனியாகப் பயிற்சி கொடுத்து, துறைக்குள்ளேயே ஒரு மேசை போட்டு உட்கார வைத்தார்கள்.

ஃபெல்லோ என்ன செய்வார்? வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆசிரியரைப் பார்க்காமல் மாணவர்களைப் பார்ப்பார். எந்த நிமிடத்தில் பேனா நிற்கிறது, எப்போது கை போனுக்குப் போகிறது என்று குறிப்பார். சில மாணவர்களைத் தனியே அழைத்து, ஒரு கணக்கைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொல்வார். தவறு எங்கே முளைக்கிறது என்பது அங்கே பிடிபடும். பிறகு அதை வைத்து அடுத்த வாரத்துக்கான கேள்விகளை ஆசிரியரோடு உட்கார்ந்து எழுதுவார். அவர் பாடத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வதில்லை, குறை கண்டுபிடித்துத் துறைத் தலைவரிடம் போட்டுக்கொடுப்பதும் இல்லை. வேலை தெரிந்த ஒரு கூட்டாளி, அவ்வளவுதான்.

அவர்கள் எல்லாப் பாடத்திலும் எழுப்பிய கேள்விகள் மூன்று. மாணவர் எதைக் கற்க வேண்டும்? உண்மையில் எதைக் கற்கிறார்கள்? எப்படி நடத்தினால் அது கூடும்? முதல் கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஆனால் ‘மாணவர் அலைகளைப் புரிந்துகொள்வார்’ என்று எழுதினால் அது விடையாகாது. பாடம் முடிந்ததும் மாணவரால் என்ன செய்ய முடியும் என்று எழுத வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு நிலநடுக்கப் பதிவைக் கொடுத்தால் மையம் எவ்வளவு தொலைவில் என்று கணக்கிட்டு, ஏன் அப்படி என்று சொல்வார். இப்படி எழுத உட்கார்ந்தால், ஒரே பாடத்தை நடத்தும் இருவர் வெவ்வேறு பாடங்களை நடத்தி வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் வெளியே வரும்.

மாறிய வகுப்பு எப்படி இருக்கும் என்பதற்கு, பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்து 2011-இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு சோதனையைச் சொல்லலாம். முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கான இயற்பியல், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 270 பேர் கொண்ட இரண்டு பிரிவுகள். பருவத்தின் 12-ஆம் வாரம், மின்காந்த அலைகள். ஒரு பிரிவை அனுபவமும் நல்ல பெயரும் உள்ள பேராசிரியரே வழக்கம்போல் நடத்தினார். இன்னொரு பிரிவை அந்த ஒரு வாரம் மட்டும் லூயி டெலோரியே என்ற இளம் ஆய்வாளர் எடுத்துக்கொண்டார். நடத்திய அனுபவம் அவருக்குக் குறைவு.

அவருடைய வகுப்பில் முறையான விரிவுரையே கிடையாது. மாணவர்கள் சில பக்கங்களை வீட்டிலேயே படித்து, ஒரு சிறு வினாத்தாளை முடித்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் திரையில் ஒரு கேள்வி. பக்கத்தில் இருப்பவரோடு பேசி, கையில் உள்ள கிளிக்கர் பொத்தானை அழுத்த வேண்டும். பதில்கள் சிதறிக் கிடப்பதைப் பார்த்து, எங்கே குழப்பமோ அதை மட்டும் அவர் அவிழ்ப்பார். அப்புறம் குழுவாக ஒரு தாளில் எழுதும் வேலை. மறுபடி கேள்வி.

அந்த வாரம் முடிந்து வந்த முதல் வகுப்பில் இரு பிரிவுக்கும் ஒரே தேர்வு, 12 கேள்விகள். பேராசிரியரின் பிரிவு 41 சதவீதம், டெலோரியேயின் பிரிவு 74. குருட்டாம்போக்கில் குறித்தாலே 23 வரும் தேர்வு அது. அந்த வாரம் டெலோரியேயின் பிரிவில் வருகைப்பதிவும் 57-இலிருந்து 75 சதவீதத்துக்கு ஏறியது.

இந்த எண்களை அப்படியே தூக்கிவைத்து ஆடவும் கூடாது. தேர்வு எழுதுவது மாணவர் விருப்பம், பலர் வரவில்லை. நடந்தது ஒரே வாரம். புதுமுகத்தைப் பார்த்த உற்சாகம் எவ்வளவு, முறையின் பலம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நடத்தியவரே ஆய்வாளர் என்பதும் உறுத்துகிறது. இந்த ஆட்சேபங்கள் அப்போதே எழுந்தன, நியாயமானவையும்கூட. ஆனால் 2014-இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் காற்று அதே திசையில்தான் அடித்தது. விரிவுரை மட்டும் உள்ள வகுப்புகளில் தோற்றவர்கள் சராசரியாக 33.8 சதவீதம், மாணவர் கை, வாய், மூளைக்கு வேலை தந்த வகுப்புகளில் 21.8. வான்கூவரின் பிரமாண்டமான இடைவெளி அதில் இல்லை, ஆனாலும் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் என்பது சின்ன விஷயமா? நம் ஊர்க் கணக்கில் சொன்னால் பன்னிரண்டு அரியர்.

எனக்கு மிகவும் பிடித்தது அங்கே பல பாடங்களில் வந்த இரண்டு கட்டத் தேர்வு. முதலில் மாணவர் தனியாக எழுதி விடைத்தாளைக் கொடுத்துவிடுவார். உடனே மூன்று நான்கு பேராகச் சேர்ந்து உட்கார்ந்து, பெரும்பாலும் அதே கேள்விகளுக்கு மறுபடி ஒரே தாளில் பதில் எழுத வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பங்கு தனித்தேர்வுக்கு, சிறுபங்கு குழுத்தேர்வுக்கு. ஹாலை விட்டு வெளியே வந்ததும் மரத்தடியில் ‘மூணாவதுக்கு என்னடா போட்ட?’ என்று ஒரு விவாதம் நடக்குமே, அதை ஹாலுக்குள்ளேயே கொண்டுவந்தாற்போல. சூடாக வாதாடுவார்கள், தவறு என்னவென்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். நம்மிடம் விடைத்தாள் ஒருமுறை கையைவிட்டுப் போனால் போனதுதான். மறுகூட்டலுக்குப் பணம் கட்டினால் மதிப்பெண் மாறலாம், ஆனால் எங்கே தவறினோம் என்று உட்கார்ந்து பேச ஆளில்லை.

இன்னொரு எண் திட்டத்தின் உயிரைக் காட்டுகிறது. புதிய முறைகளை முயன்று பார்த்த அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கைவிட்டுவிடுகிறார்கள் என்று ஒரு ஆய்வு காட்டியிருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இத்திட்டத்தின் கீழ் மாறியவர்களில் 70 பேரை ஆராய்ந்து பார்த்தார்கள். அவர்களில் திரும்பிப் போனவர் ஒருவர். வித்தியாசம் ஆசிரியர்களின் தரத்தில் இல்லை. முதல் முறை வகுப்பு சொதப்பும்போது பக்கத்தில் ஒரு ஃபெல்லோ இருந்தார், எது தப்பானது என்று அன்று மாலையே சொன்னார். தனியாக முயன்றவர் ‘இது நம்ம பசங்களுக்குச் சரிப்படாது’ என்று பழைய நோட்ஸை எடுத்துக்கொண்டார். கூடவே, பழகிய ஒருவரும் புதியவர் ஒருவரும் சேர்ந்து ஒரே வகுப்பை ஒரு பருவம் நடத்தும் வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். அடுத்த பருவம் புதியவர் தனியாக நடத்துவார்.

எல்லாத் துறையும் இப்படி மாறிவிடவில்லை. புவி, கடல், வளிமண்டல அறிவியல் துறை வேகமாக ஓடியது, சில துறைகள் நொண்டின. துறைத் தலைவர் மாறியதும் ஆர்வம் வடிந்துபோன இடங்களும் உண்டு. மிகப் பெரிய முட்டுக்கட்டையாக வீமன் சொல்வது பணத்தையோ சோம்பலையோ அல்ல, பல்கலைக்கழகம் தன் ஆசிரியரை எதை வைத்து எடை போடுகிறது என்பதைத்தான். ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள், கொண்டுவந்த நிதியை எண்ணுகிறார்கள். பாடம் நடத்துவதை எண்ணுவது ஒரே ஒரு தாளை வைத்து: பருவ இறுதியில் மாணவர் நிரப்பும் கருத்துப் படிவம்.

அந்தப் படிவத்தின் லட்சணம் 2019-இல் ஹார்வர்டில் தெரிந்தது. அதே டெலோரியேவும் வேறு சிலரும் நடத்திய ஆய்வு. மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மெருகேறிய விரிவுரை, மறு பாதிக்கு அதே விஷயத்தைக் குழுவாகப் போட்டுப் பார்க்கும் வகுப்பு. அடுத்த தலைப்புக்கு இடம் மாற்றினார்கள். தேர்வில் அதிகம் எடுத்தது போட்டுப் பார்த்தவர்கள். ஆனால் ‘நிறையக் கற்றேன்’ என்று சொன்னது விரிவுரை கேட்டவர்கள்! திணறித் திணறிப் படித்தால் தனக்கு ஒன்றும் வரவில்லை என்று தோன்றும், சரளமாகப் பேசுபவரைக் கேட்டால் எல்லாம் புரிந்த மாதிரி தோன்றும். ஆக, நன்றாகக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரைப் படிவம் தண்டிக்கலாம். 2018-இல் டொராண்டோவின் ரையர்சன் பல்கலைக்கழக வழக்கில் நடுவர் ஒருவர், பதவி உயர்வுக்கும் நிரந்தரப் பணிக்கும் கற்பித்தல் திறனை அளக்க அந்தப் படிவங்களைப் பயன்படுத்தக் கூடாது என்றே தீர்ப்பளித்தார்.

அப்படியென்றால் எதை வைத்து அளப்பது? வான்கூவர் திட்டத்தோடு வளர்ந்த ஒரு கருவி, 2013-இல் வெளியானது, நல்லாசிரியரா இல்லையா என்று கேட்பதே இல்லை. வகுப்பில் ஒருவர் உட்கார்ந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வரிசையில் டிக் போடுவார். ஆசிரியர் என்ன செய்கிறார்: பேசுகிறார், எழுதுகிறார், கேள்வி கேட்கிறார், வகுப்புக்குள் நடந்து வருகிறார். மாணவர் என்ன செய்கிறார்கள்: கேட்கிறார்கள், குழுவில் பேசுகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். ஐம்பது நிமிடம் முடிந்ததும் தாளைப் பார்த்தால் போதும். ‘நான் நிறைய இன்டராக்‌ஷன் வைப்பேன்’ என்று சொல்லும் பலர் அந்தத் தாளைப் பார்த்து வாயடைத்துப் போகக்கூடும்.

தமிழ்நாட்டுக் கல்லூரியில் வேலை பார்க்கிறவர் இதையெல்லாம் படித்தால் ‘இதுதான் எங்களிடமும் இருக்கிறதே’ என்பார். ஆமாம், பெயர்கள் இருக்கின்றன. மாணவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவது நம்மிடம் சிஓ-பிஓ மேப்பிங், அதாவது ஒவ்வொரு பாடத்தின் விளைவையும் மொத்தப் படிப்பின் விளைவோடு பொருத்தும் அட்டவணை. கல்லூரிக்கு நாக் தர மதிப்பீடு வரும் மாதத்தில் ராத்திரி உட்கார்ந்து கட்டங்களில் 3, 2, 1 என்று நிரப்புவோம். ஆசிரியர் பயிற்சி நம்மிடம் எஃப்டிபி. ஐந்து நாள், சான்றிதழ், குரூப் போட்டோ. திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்பினால் பக்கத்தில் ஆளில்லை. அதோடு, இணைப்புக் கல்லூரிகளில் பாடத்திட்டமும் கேள்வித்தாளும் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். நடத்துகிறவர் கையில் இருப்பது பெரும்பாலும் 25 உள்மதிப்பெண். ‘எதைக் கற்க வேண்டும்’ என்ற முதல் கேள்வியைக் கேட்கும் உரிமையே அவருக்கு முழுதாக இல்லை. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு அது இருக்கிறது. சென்னை கிறித்தவக் கல்லூரியும் லயோலாவும் 1978-லேயே தன்னாட்சி பெற்றவை. ஆனாலும் பெரும்பாலான தன்னாட்சிக் கல்லூரிகளின் கேள்வித்தாளை எடுத்துப் பாருங்கள், பார்ட் ஏ, பார்ட் பி என்று அச்சு அசல் பல்கலைக்கழகத் தாளாகவே இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வான்கூவரில் மெனக்கெட்டு ஏற்படுத்திய ஒன்று, ஒரு பாடத்தை இருவர் பகிர்ந்துகொள்வது, நம் துறைகளில் தானாகவே நடக்கிறது. முதல் இரண்டு யூனிட் ஒருவர், மீதி மூன்று இன்னொருவர். ஆனால் ஒருவர் நடத்தும்போது மற்றவர் வகுப்பில் இருப்பதில்லை, ஸ்டாஃப் ரூமில் இருப்பார் அல்லது வேறு வகுப்பில் இருப்பார். இருவரும் பேசிக்கொள்வது போர்ஷன் முடிந்ததா என்பதைப் பற்றி. ஒரே ஒரு வாரம் மாறி மாறிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்த இரண்டு நிமிட டிக் தாளை நிரப்பிப் பார்க்க யாருடைய ஒப்புதலும் தேவையில்லை, காசும் வேண்டாம்.

ஆனால் யார் உட்காருவது என்று பார்த்தால் அடுத்த சிக்கல். அரசு கலைக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும் பாரத்தைத் தூக்குகிறவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். வருடத்துக்கு 11 மாதச் சம்பளம், மே மாதம் கிடையாது. ஒரு பாடத்தைச் செப்பனிட்டு, கேள்விகளை எழுதிச் சேர்த்து, எந்த இடத்தில் பசங்க சறுக்குகிறார்கள் என்று குறித்து ஒரு ஃபைல் போட்டு வைத்தால், ஜூனில் அந்த ஃபைலைத் திறக்கப் போவது தானா வேறொருவரா என்று அவருக்கே தெரியாது.